பிழைத்த உதையும் பிழையாத கிண்ணமும்

லாசால் அடுக்குமாடி ஈன்ற ஆணழகே, ஞாயிறு உச்சிக்கு வந்தாலும் எழும்பாத பள்ளிகொண்ட பெருமானே, பிரணவா, நீ வாழ்க! நின் வலக்கால் வாழ்க. அதற்கு உன் தாய் ஜெகதீஸ்வரி அதிகாலையில் தேய்த்துவிட்ட நல்லெண்ணெயும் வாழ்க. ஆனைமுகத்தோனே, இப்பெரும்போரைப் பாட எனக்குச் சொல் தா. முடிந்தால் கையுறையும் தா, கார்த்திகைக் குளிரில் எழுதுகிற விரல் விறைக்கிறது.

போர் மூண்டது மண்ணுக்கன்று, பொன்னுக்குமன்று, ஒரு கிண்ணத்துக்கு. முட்டை வடிவப் பந்தைக் கையில் காவிக்கொண்டு ஓடிவிட்டு அதற்குக் கால்பந்து என்று பெயர் சூட்டிய அமெரிக்கரின் ஆட்டத்தை, கனடாக்காரர் தம் விருப்பத்துக்கு மாற்றியமைத்து, கல்லூரிக்குக் கல்லூரி மோதவிட்டு, ஆண்டிறுதியில் வென்றவனுக்கு வழங்கும் வெள்ளிக் கிண்ணம் அது.

"இதுக்கோ இவ்வளவு அடிபாடு? எங்கட குசினியில எத்தினை கிண்ணம் கிடக்கு" என்றாள் ஜெகதீஸ்வரி.

நம் வீரனுக்கோ அது வெறுங்கிண்ணமன்று. அன்று காலை, தேநீர்க் கோப்பையைச் செங்கோல்போல் உயர்த்தி, தந்தை உருத்திரமூர்த்தி பிரகடனம் செய்திருந்தார்: "இண்டைக்கு வெண்டால் யூனிவேசிற்றியிலயும் விளையாடு. இல்லையெண்டால் சப்பாத்தைக் கழட்டி வைச்சிட்டுப் படிப்பைப் பார்." பிரணவன் "ஓம்" என்றான். அந்த ஆட்டம் அவனுக்கு உயிர். இடியப்பத்தைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தான்.

ஏரிக்காற்று எலும்பைத் துளைக்கும் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ மைதானத்தில், மூன்று சுவெட்டர்களைக் கவசமாகவும் கம்பளித் தொப்பியை மகுடமாகவும் தரித்து உருத்திரமூர்த்தி வீற்றிருந்தார். ஒருகாலத்தில் வடமராட்சியில் பள்ளிக்கூட அணிக்கு உதைபந்தாடியவர். பந்தென்றால் எல்லாம் பந்துதானே என்ற ஞானத்துடன், மகனின் ஆட்டத்தை முதன்முதலாகப் பார்க்க வந்திருந்தார்.

கீழே, நம் வீரனின் கல்லூரி அணியினர், எருமையும் கண்டு ஒதுங்கும் தோளினர், ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்த பகைவரோடு மண்டை மோதச் சேற்றில் உருண்டனர். நம் வீரன் மட்டும் சலவைக்குப் போய்வந்த சட்டையுடன் வாங்கில் போர்வை போர்த்தி அமர்ந்திருந்தான். அவன் தொழில் உதைப்பது மட்டுமே. அழைப்பு வந்ததும் போர்வையை உதறி எழுந்தான், ஓடினான், உதைத்தான். கவட்டைத்தடிபோல் நின்ற கம்பத்தின் குறுக்குச் சட்டத்துக்கு மேலால் பந்து பறந்தது.

"கோலுக்கு மேலால விட்டிட்டான்" என்று உருத்திரமூர்த்தி தலையில் அடித்துக்கொண்டார்.

"இஞ்சேருங்கோ, பலகையில மூண்டு எண்டு போடுறாங்கள். மேலால போனாத்தானாம் சரி" என்றாள் ஜெகதீஸ்வரி.

"அது எனக்குத் தெரியும்" என்றார் அவர். அந்தக் கணம் முதல் அவர் அத்துறையில் பண்டிதரானார். இரண்டு தடிக்கும் நடுவால், சட்டத்துக்கு மேலால் என்று மனைவிக்கு விளக்கவுரை வழங்கியபடியே இருந்தார்.

அதன்பின் இவர்கள் ஏற அவர்கள் இறங்கி, அவர்கள் ஏற இவர்கள் இறங்கி, பல்காப்பு பறந்து, காலணி கழன்று, பயிற்சியாளர் பிரெஞ்சில் உள்ள திட்டெல்லாம் தீர்ந்து ஆங்கிலத்தில் கடன் வாங்கி, பொழுது சாயும் வேளையில் இருபதுக்கு இருபது என்று சமமாகி நின்றது சமர். ஆட்டம் முடியச் சில நொடிகளே இருந்தன. பிரணவனைக் கூப்பிட்டார்கள்.

உலகே அவன் வலக்காலில் தொங்கியது. உதைத்தான். பந்து எழுந்தது, நிமிர்ந்தது, பாதி வழியில் ஏரிக்காற்றைச் சந்தித்தது, கம்பத்துக்கு வெளியே பக்கவாட்டில் போய் விழுந்தது.

பண்டிதருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கம்பளித் தொப்பியைக் கண்வரை இழுத்து மூடிக்கொண்டார். மகன் இனிப் படிப்பைத்தான் பார்ப்பான், அவர் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால், சப்பாத்தைக் கழட்டு என்று சொன்ன தன் வாயின்மேலேயே அவருக்குக் கோபம் வந்தது.

ஆகவே மிச்சத்தை அவர் காணவில்லை. கம்பத்துக்குப் பின்னாலிருந்த எல்லை நிலத்தில் விழுந்த பந்தைப் பகைவன் ஒருவன் பொறுக்கினான், வெளியே ஓடப் பார்த்தான், வழுக்கினான். நம் அணியில் வில்லரேப் பகுதியிலிருந்து வந்து ஆடிய மாமலை ஒருவன் அவன்மேல் ஏறி அமர்ந்தான். அப்படி உதைத்த பந்தை எதிரி தன் எல்லை நிலத்துக்குள்ளிருந்து வெளியே கொண்டுவர முடியாவிட்டால் உதைத்தவர்க்கு ஒரு புள்ளி என்பது கனடாக்காரர் வகுத்த நீதி. இருபத்தொன்று, இருபது. ஆட்டம் முடிந்தது. மைதானம் அதிர்ந்தது.

ஊரே தன் பிள்ளையைப் பழிக்கிறது என்று நினைத்த உருத்திரமூர்த்தி படிகளில் தடதடவென்று இறங்கி, கூட்டத்தைப் பிளந்து, மகனைக் கட்டிப்பிடித்தார்.

"பறவாயில்லை அப்பன். தோத்தால் என்ன? நான் காலமை சும்மா சொன்னது. நீ விளையாடு."

"அப்பா, நாங்கள் வெண்டிட்டம்."

அவர் பிடியைத் தளர்த்தி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீ பிழையாத்தானே அடிச்சனி?"

"ஓம். அதுக்கும் ஒரு பொயின்ற் குடுப்பாங்கள்."

"அது எனக்குத் தெரியும்" என்றார் உருத்திரமூர்த்தி. ஆனால் பிள்ளையின் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. வென்ற வெள்ளிக் கிண்ணம் தலைக்குமேல் கைமாறிக் கைமாறிப் போக, வீரனும் தந்தையும் தாயும் வாகைசூடிய வேந்தரென வாகனத் தரிப்பிடம் நோக்கி நடந்தனர்.

காருக்குள் ஜெகதீஸ்வரி தான் கொண்டுவந்த எவர்சில்வர் கிண்ணத்தைத் திறந்தாள், புட்டு ஆறிப்போயிருந்தது.