கெல்லரின் தங்க டொலரும் என் பல்லு பிறஷும்

இரவல் வாங்கிய நகையைக் கழுவாமல் திருப்பிக் கொடுப்பவர்களை எங்கள் ஆட்கள் மனிதர்களாகவே மதிப்பதில்லை. கலியாணத்துக்கு அட்டியல் இரவல் வாங்கினால், அடுத்த நாளே புளித்தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல்லு பிறஷால் தேய்த்துத்தான் கொண்டுபோய்க் கொடுப்போம். இந்த நல்ல பழக்கம் என்னைச் சுவிற்சர்லாந்திலிருந்து ஏறக்குறைய நாடு கடத்தியது. (ஏறக்குறைய என்பது என் கணக்கு. அரசாங்கத்துக்கு இன்றுவரை விஷயம் தெரியாது.)

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஊஸ்டர் என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிப்பதற்கு, எங்களை அறிந்த ஒரு சுவிஸ்காரரின் நற்சான்றுக் கடிதம் தேவைப்பட்டது. எங்கள் கட்டடத்து மேல்மாடியில் தனியாக இருந்த கெல்லர் என்ற முதியவர், திங்கட்கிழமை எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தார்.

அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. பழைய அமெரிக்கத் தங்கக் காசு சேர்ப்பார். அதிலும் ஒரு டொலர்க் காசு மட்டும்.

"பெரிய காசைப் பெட்டியில் பூட்டி வைப்பார்கள். சின்னது பலகை இடுக்கில் விழும், குழந்தை விழுங்கும். அதையும் தாண்டி நூறு வருடத்துக்கு மேல் தப்பிக் கிடக்கிறது பாருங்கள்" என்பார்.

பார்த்தேன். எனக்கும் தொற்றிக்கொண்டது. சட்டைப் பொத்தான் அளவு தங்கத்தில், பூதக்கண்ணாடி வைத்தால், தலையில் இறகு சூடிய ஒரு பெண். மறுபக்கம் சோளமும் பருத்தியும் சேர்த்துக் கட்டிய வளையம். இதைக் கொடுத்து என்ன வாங்கியிருப்பார்கள்? கோழியா, காலுக்குச் சப்பாத்தா? நான் கேள்வி கேட்டே அவரைக் களைக்க வைத்தேன் போலிருக்கிறது. அந்தத் திங்களுக்கு முந்தின சனிக்கிழமை ஒரு காசையும் கூடவே ஒரு கையேட்டையும் தந்து, "மனைவிக்கும் காட்டுங்கள்" என்று அனுப்பிவிட்டார்.

ஞாயிறு காலை உற்றுப் பார்த்தால் இறகுகளுக்கிடையே செம்பழுப்பாக அழுக்கு. பாவம், மனுஷனுக்குக் கண் தெரிவதில்லை என்று இரங்கினேன். புளி, பிறஷ், பத்து நிமிடம். காசு மாப்பிள்ளையின் மோதிரம் மாதிரி மின்னியது.

மனைவி ரஞ்சி ஜெர்மன் வகுப்புக்குப் போனவள். கையேட்டைப் புரட்டியபடி நிமிராமல் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, காசைக் கழுவினனீங்களோ?"

"ஓம். நல்லா வந்திருக்கு, என்ன?"

"முதல் பக்கத்திலையே தடிச்ச எழுத்திலை போட்டிருக்கு, ஒருக்காலும் கழுவக் கூடாதாம். கழுவினால் சேர்க்கிற ஆக்களுக்கு அது செத்த காசாம்."

"அப்ப கடிதம்?"

"எழுதுவார். பொலிசுக்கு."

ஒரே வழிதான் தெரிந்தது: மறுபடி அழுக்காக்குவது. தேயிலைச் சாயத்தில் அவித்தேன். பூச்சாடி மண்ணில் புதைத்தேன். சப்பாத்துக்குள் போட்டு ஊர் ஏரிவரை நடந்து திரும்பினேன் (வலது கால், நொண்டி நொண்டி). தங்கமல்லவா, ஒன்றும் ஒட்டவில்லை. கடைசியில் நல்லெண்ணெயில் குழைத்த கறித்தூள்தான் கைகொடுத்தது. நிறம் அச்சொட்டாக அதே செம்பழுப்பு.

ரஞ்சி எட்டிப் பார்த்தாள். "கடுகும் தாளிச்சு விடட்டோ?"

திங்கள் மாலை கெல்லர் காசைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். பிறகு மூக்குக்கு.

"இது சாப்பாட்டு வாசனை" என்றார்.

எனக்குத் தெரிந்த அவ்வளவு ஜெர்மனையும் ஒரே மூச்சில் கொட்டினேன். தெரியாததைக் கையால் தேய்த்தும் காலால் நொண்டியும் காட்டினேன். அவர் முகம் பால் மாதிரி வெளுத்தது.

"ஏரிவரையா?" என்றார்.

"ஏரிவரை. திரும்பியும்."

கதவைச் சாத்தினார். உள்ளே அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று தெரியாமல் படியில் நின்றேன். அன்றிரவே ஒரு பெட்டியில் உடுப்புகளை அடுக்கினேன். ரஞ்சி அவற்றை எடுத்துத் திரும்ப அலுமாரியில் வைத்தாள்.

புதன்கிழமை தபால்பெட்டியில் கடிதம் கிடந்தது. ரஞ்சி மொழிபெயர்த்தாள்: 'நேர்மையானவர். கேட்காமலே உண்மையைச் சொல்பவர். உழைப்பாளி. அளவுக்கு மேல் சுத்தமானவர்.'

அனுமதி கிடைத்தது. ஆனால் இன்றுவரை நான் பாத்திரம் கழுவக் குசினிப் பக்கம் தலை காட்டினால் போதும், பிள்ளைகள் உள்ளே குரல் கொடுப்பார்கள்:

"அம்மா, எல்லாத்தையும் எடுத்து ஒளியுங்கோ, அளவுக்கு மேலை சுத்தமானவர் வாறார்."