எதையும் விற்காத மில் மாமா

விற்பனை என்ற சொல்லைக் கேட்டாலே அலறுகிற வியாபாரி உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் சிதம்பரத்தில் எங்கள் தெருவில் மாவு மில் நடத்திய மில் மாமா. அவருடைய நிஜப் பெயர் அவர் மனைவியான அத்தைக்காவது தெரியுமா என்பது சந்தேகம்.

அலறலுக்குக் காரணம் உண்டு. 2009 என்று நினைவு. மில்லுக்குள் அத்தை அப்பளக் கட்டுகளைத் தொங்கவிட்டு விற்றதைக் கரண்ட் ஆபீஸ் அதிகாரி ஒருவர் பார்த்துவிட்டார். "அரைச்சுக் குடுத்தா சிறுதொழில், சலுகைக் கட்டணம். வித்தா கடை, கடைக் கட்டணம். மறுபடி வருவேன். அப்பவும் வியாபாரம் நடந்தா மாத்திடுவேன்" என்று எச்சரித்துவிட்டுப் போனார். கடைக் கட்டணத்தில் அந்த மோட்டாரை ஓட்டினால் மில்லை இழுத்து மூட வேண்டியதுதான். அப்பளம் அன்றைக்கே வீட்டுக்குப் போனது. மாமாவின் நிம்மதியும் கூடவே போய்விட்டது.

எதிர்வீட்டு டீச்சர் அவசரத்துக்குக் கொஞ்சம் மிளகாய்த்தூள் கேட்டார்.

"மெளகா கொண்டாங்க, அரைக்கிறேன். தூளா கேட்டா நான் பொல்லாதவன்!"

நான் பண்ருட்டியிலிருந்து பலாப்பழத்தோடு வந்து, மில் வாசலில் சற்று இறக்கி வைத்தேன். தெருவில் போன ஒரு அம்மாள் சும்மா விலை கேட்டுத் தொலைத்தார். மாமா மாவுக் கையோடு பாய்ந்து வந்தார். "மாப்ள, பழத்தத் தூக்கு! வெல கேட்டுட்டாங்க!" எனக்கு இடுப்பே பிடித்துக்கொண்டது.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம். கரண்ட் இல்லை. டப்பாக்களோடு பெண்கள் மில்லுக்குள் காத்திருந்தார்கள். நானும் கோதுமையோடு நின்றேன். அரிசி அரைக்க வந்திருந்த கிள்ளை கிராமத்துக் கருவாட்டுக்கார அம்மாளும் கூடையோடு உட்கார்ந்திருந்தார். சும்மா இருப்பார்களா? நெத்திலி என்ன விலை என்று ஒருத்தி ஆரம்பிக்க, பேரம் களைகட்டிவிட்டது. மாமா உள்ளே மோட்டார் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

குடையை மடக்கிக்கொண்டு நுழைந்தார் அதே அதிகாரி.

"கடை நல்லா ஓடுது போல!"

மாமா வெளியே வந்து பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. "கூடைய வெளிய வைங்க மாமா" என்று காதைக் கடித்தேன்.

"கொட்டுற மழையிலயா? நனைஞ்சா அந்தம்மா பொழப்பு போயிடும், மாப்ள." அதிகாரியிடம் திரும்பினார். "நான் எதையும் விக்கல சார். ஆனா இவுங்கள எழுந்து போவச் சொல்ல மாட்டேன். கடைன்னே எழுதிக்கங்க."

கருவாட்டம்மாள் எழுந்து நின்றார். "எப்புடி எழுதுவீங்க? கூடை என்னுது, கருவாடு என்னுது. ஒரு கைப்பிடி மாவு வெலைக்குக் கேட்டதுக்கே ஊரக் கூட்டுன மனுசன் இவுரு!"

"எனக்கும் அதான் சார்!" "எனக்குந்தான்!" என்று டப்பாக்காரப் பெண்கள் எல்லோரும் சாட்சி சொன்னார்கள். கூட்டத்தில் இருந்த டீச்சர் தன் மிளகாய்த்தூள் வழக்கையே திறந்துவிட்டார். அதிகாரி மில்லின் மூலை முடுக்கெல்லாம் பார்த்தார். மாமாவின் சரக்கு என்று ஒரு அப்பளம்கூட இல்லை. சிரித்துக்கொண்டே சிறுதொழில் என்றே எழுதினார். போகிறபோது கருவாட்டுக் கூடைப் பக்கம் குனிந்து, "நெத்திலி எப்புடிம்மா?" என்றார்.

"சார்! மழ விட்டதும் வெளிய போயி வாங்குங்க!" மாமா போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது.

ஒரு வாரம் எங்கள் சப்பாத்தியில் நெத்திலி வாடை அடித்தது. அத்தனை அலம்பல் பண்ணின மனுஷருக்கு, மில்லே கைவிட்டுப் போகிற நேரத்திலும் ஒருத்தியை மழையில் அனுப்ப மட்டும் மனசு வரவில்லை. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அவர் இருந்தபோதே அதை அவரிடம் ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்.