பன்னிரண்டு வாளி அறிவு

மேடையில் கிடைத்த கைதட்டலை வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கூடாது. இதை நான் அறிந்தது எண்பதுகளின் ஒரு வறட்சிக் கோடையில், தருமபுரியில், எங்கள் வீட்டுப் புழக்கடையில்.

‘வறட்சியை வெல்வது உழைப்பா, அறிவா?’ என்ற தலைப்பில், அறிவின் பக்கம் நின்று முழங்கிக் கல்லூரிக்குக் கோப்பை வாங்கித் தந்திருந்தேன். கோப்பை வந்த பிறகும் வறட்சி போகாமல் நின்றது எனக்குத் தனிப்பட்ட அவமதிப்பாகவே பட்டது.

புழக்கடையில் எட்டு வாழைகள் செழித்து நின்றன. கிணறு வற்றும் காலத்தில் இந்தப் பெருங்குடிகாரர்களுக்கு இடமா? அம்மா பாலக்கோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போன இரண்டே நாளில், வாழைகளை அடியோடு தோண்டினேன். குழியை மூடி, மண்ணை மேடாக்கி, கற்றாழையும் கள்ளியும் நட்டேன். (வரிசை கோடு போட்டதுபோல் நேராக இருந்தது. அதை மட்டும் யாரும் பாராட்டவில்லை.) பிறகு, களைப்புத் தீரக் கிணற்றடியில் பன்னிரண்டு வாளி இறைத்துக் குளித்தேன்.

அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழையவும், மதிலுக்கு அப்பால் குரல் எழவும் சரியாக இருந்தது.

“தம்பீ! நம்ம கொட்டாயில சோப்புத் தண்ணி! மெத்தையெல்லாம் போச்சு!”

பக்கத்து வீட்டு அமீர் பாய் மெத்தை தைப்பவர். நான்கு நாளில் மகள் ஜரீனாவுக்கு நிக்காஹ். சீர்வரிசைக்காகத் தைத்த இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகளும் கொட்டகைத் தரையில் கிடந்தன.

அம்மா புழக்கடையைப் பார்த்தார். “வாழை எங்கடா?”

“நிலத்தடி நீரை உறிஞ்சும்...”

“அது என்னைக்குடா கிணத்துத் தண்ணி குடிச்சுது? குளிச்ச தண்ணி, பாத்திரம் கழுவுன தண்ணி, அத்தனையும் அதுங்கதான குடிச்சுது! இப்ப அது பாய் வூட்டுக்குப் போவுது!”

என் அறிவு மேட்டில் ஏற மறுத்த தண்ணீர், மதில் இடுக்கில் வழி கண்டிருந்தது. வறண்ட ஊரில் வெள்ளம் வரவழைத்த ஒரே பேச்சாளன் நான்தான்.

“பாய், இவன வெச்சு வேல வாங்குங்க” என்று அம்மா என்னை ஒப்படைத்தார்.

மெத்தைகளைப் பிரித்து, பஞ்சை வெயிலில் பரப்பி, குச்சியால் அடிக்க வேண்டியிருந்தது. ஜரீனா ஈர உறைகளை அலசிக்கொண்டிருந்தாள். அவள் கண்கள் சிவந்திருந்தன. நான் நிமிர்ந்து நின்று, “அறியாமையால் நேர்ந்த இப்பிழையை...” என்று மன்னிப்புரையைத் தொடங்கினேன். வாய் நிறையப் பஞ்சு புகுந்தது. நான் இருமிய இருமலில் ஜரீனாவே சிரித்துவிட்டாள்.

“பேச்ச அப்புறம் வெச்சிக்கலாம் தம்பி” என்று பாய் என் வாயைத் துண்டால் கட்டினார். “அடிங்க.”

இரண்டு நாள் அடித்தேன். நான் வெல்லப் புறப்பட்ட அதே வெயில்தான் பஞ்சைக் காய வைத்து என்னைக் காப்பாற்றியது.

நிக்காஹ் அன்று மாப்பிள்ளையின் அத்தை மெத்தையை அமுக்கிப் பார்த்தார். “பூவாட்டம் இருக்குதுங்களே! யாரு அடிச்ச பஞ்சு?”

தலையைக் குனிந்துகொண்டேன்.

“பக்கத்து வூட்டுத் தம்பிங்க. எம் பொண்ணுக்கு அண்ணனாட்டம்” என்றார் பாய். தண்ணீரைப் பற்றி ஒரு சொல் இல்லை. எனக்குக் கிடைத்த பாராட்டுரைகள் அனைத்தையும் அந்த ஒரு வரிக்கு ஈடாகத் தந்துவிடுவேன்.

வாழைக் கிழங்குகள் பழைய இடத்துக்கே திரும்பின. கற்றாழையும் கள்ளியும் தண்ணீர் எட்டாத வேலியோரம் போய்ச் செழித்தன. இன்றும் வீட்டில் நான் தொண்டையைச் செருமினால் போதும், என் மகள் ஒரு துண்டை எடுத்து நீட்டுகிறாள்: “அப்பா, பஞ்சு பறக்குது!”