சீல் உடையாத டப்பா

"அந்த டப்பாவ இறக்குங்க. சீல் உடைக்கணும்."

கயல்விழி இதைச் சொன்னதும் தலைமை மெக்கானிக் தமிழரசு கையிலிருந்த ஸ்பானரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான். வேலைக்குச் சேர்ந்த அன்று அவன் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே விதி இதுதான்: லீவு கேள், அட்வான்ஸ் கேள், ஓனரிடம் அந்த டப்பாவை மட்டும் கேட்டுவிடாதே.

நாலு லிட்டர் தகர டப்பா. ரேஸ் எஞ்சினுக்கான வெளிநாட்டு ஆயில். இரண்டு வருஷத்துக்கு முன் ராசிபுரம் பைபாஸில் இந்த ரேஸ் பைக் பட்டறையைத் திறந்தபோது, ஓனர் சந்திரசேகரின் மச்சான் மலேசியாவிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. அன்று முதல் அது அம்மன் படத்துக்குப் பக்கத்துப் பலகையில் குடியிருக்கிறது. பட்டறை ஓடுவதே அதன் ராசியால்தான் என்பார் அவர். வெள்ளிதோறும் மாலையில் பெருக்க வரும் குஞ்சம்மாள், அம்மனுக்கு விளக்கேற்றிவிட்டு டப்பாவுக்கும் சந்தனம் வைத்துவிட்டுப் போவாள்.

அம்மன் முகம் மட்டும் மூக்கு வரை கறுத்துக் கிடந்தது. ரோட்டில் போகிற போர்வெல் ரிக் வண்டிகளின் புகை என்பார் சந்திரசேகர். புகை அம்மனை மட்டும் தேடி வருமா என்று கயல்விழி கேட்டதில்லை. கேட்கக் கூடாதவற்றின் பட்டியல் ஏற்கெனவே நீளம்.

"என்ன கேட்டே?" என்றார் சந்திரசேகர்.

"டப்பாவுங்க. ஆயிலு எதுக்கு இருக்குது? எஞ்சின்ல ஊத்தத்தான?"

"அது ஊத்தற ஆயில் இல்ல அம்மிணி. கும்புடற ஆயில்."

ஞாயிற்றுக்கிழமை கோவையில் ரேஸ். ஓட்டப்போகிறவன் மாதேஷ். வண்டி அவனுடையது, எஞ்சினைப் பிரித்துக் கட்டியது கயல்விழி. கோவை டீம் ஒன்றின் மூத்த மெக்கானிக் போனில் அவளிடம் சொல்லியிருந்தார், பன்னிரண்டு சுற்றும் இந்த எஞ்சின் தாங்கிவிட்டால் டீமில் உனக்கு இடம் என்று. எருமப்பட்டியில் முட்டை லாரிக்கு லோடு ஏற்றுகிற அவள் அப்பாவிடம், இஞ்சினியருக்குப் படித்த பெண் கிரீஸ் துடைக்கிறாளாமே என்று கேட்காத ஆள் ஊரில் பாக்கியில்லை. அவர்களுக்கு அவர் சொல்ல ஒரு பதில் வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

சரியான ஆயிலைச் சேலத்துக் கடையில் சொல்லி அவள் வரவழைத்தும் விட்டாள். புதன்கிழமை வந்த பார்சலைச் சந்திரசேகர் வாசலோடு திருப்பி அனுப்பினார். வெளி ஆயில் உள்ளே வந்தால் ராசி வெளியே போய்விடுமாம். இன்று வெள்ளி.

"உனக்கு ஆயில்தான வேணும்? வா," என்று எழுந்தார். பட்டறைக்குப் பின்னால் அவருடைய இரண்டு லாரிகளுக்கான பேரல் இருந்தது. ஒரு மக் மொண்டு தூக்கிக் காட்டினார். தேன் மாதிரி நிதானமாக ஒழுகியது.

"ஏனுங்க, இது டீசல் லாரிக்குப் போடறது. இந்த எஞ்சின் நிமிசத்துக்குப் பதிமூணாயிரம் சுத்து சுத்தும். இத்தன கெட்டியா இருந்தா எப்படிங்க மேல ஏறும்?"

"கெட்டியா இருந்தாத்தான் தெம்பு," என்று அவரே ஊற்றினார்.

மாதேஷ் பைபாஸில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தான். எருமை மேல் உட்கார்ந்து போன மாதிரி இருந்தது என்றான். வண்டி ஒன்பதாயிரத்தைத் தாண்டவில்லை, சூடு மட்டும் தாண்டியிருந்தது.

அடுத்து அந்த ஆயிலை வடிக்கச் சொல்லிவிட்டு அவர் தமிழரசுவைக் கடைவீதிக்கு அனுப்பினார். அவன் லேபிளில் ரேஸ் கார் படம் போட்ட டப்பா ஒன்றோடு வந்தான். கயல்விழி தலையில் கை வைத்துக்கொண்டாள். காரில் கிளட்ச் தனியாகக் காய்ந்து கிடக்கும், பைக்கிலோ கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே முங்கிக் கிடக்கும், இந்தக் கார் ஆயிலில் வழுக்கலுக்கென்றே மருந்து கலந்திருக்கிறார்கள், ஊற்றினால் கிளட்ச் பிடிக்காது என்று வரிவரியாகச் சொன்னாள்.

"படத்துல ரேஸ் வண்டி இருக்குதா இல்லியா?" என்றார் சந்திரசேகர்.

இருந்தது. ஊற்றினார்.

இந்த முறை எஞ்சின் ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறியது. வண்டிதான் நகரவில்லை. முட்டை அட்டைகளைக் கட்டிக்கொண்டு போன மொபெட் ஒன்று மாதேஷைச் சாவகாசமாக முந்தியது. மொபெட்காரர் பாவம் பார்த்து நின்று, தள்ளிவிடட்டுமா என்று கேட்டாராம்.

மாதேஷ் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை.

"ஒண்ணு கெட்டி, ஒண்ணு தண்ணி," என்று யோசித்தார் சந்திரசேகர். "ரெண்டையும் பாதிப்பாதி ஊத்துனா சரியாப் போயிரும்ல?"

கயல்விழி பதில் சொல்வதற்குள் கலந்துவிட்டார். ஸ்டார்ட் செய்து, ஆயில் அளவு பார்க்கும் கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தால் எஞ்சினுக்குள் ஆற்றின டீ மாதிரி நுரை நின்றது. ஆயில் பிரஷர் விளக்கு சிவப்பாக எரிந்தது. அவள் பாய்ந்து சாவியைத் திருப்பி அணைத்தாள். இன்னும் ஒரு நிமிடம் ஓடியிருந்தால் அவளுடைய மூன்று மாத உழைப்பு பழைய இரும்புக் கடைக்குத்தான்.

மணி ஐந்து. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள்.

"தொட்டுப் பாரு, தெரியும்," என்றார் சந்திரசேகர்.

தொட்டாள். நாலு லிட்டர் கனத்துக்குத் தோளைத் தயாராக வைத்துக்கொண்டு இழுத்தவள், ஸ்டூலோடு பின்னால் சாயப் பார்த்தாள். டப்பா காற்று மாதிரி வந்தது.

ஆட்டினாள். அடியில் ஒரு கரண்டி அளவு அசைந்தது. மூடியின் சீல் அப்படியே இருந்தது.

சந்திரசேகர் டப்பாவை வாங்கி, சீலைத் தடவிப் பார்த்து, காதில் வைத்துக் கேட்டு, மேசைமேல் வைத்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"ரெண்டு வருசத்துல இந்த டப்பாவக் கேட்ட ஒரே ஆளு நீதான்."

"சீல் உடையாம எப்படிங்க எடுப்பேன்?"

"படிச்சவளுக்கு வழி தெரியாதா?"

தமிழரசு தரையைப் பார்த்தான். மாதேஷ் ஹெல்மெட்டுக்குள் ஏதோ முனகினான். முனகியது வெளியே வரவில்லை.

கயல்விழி கீழே உட்கார்ந்து, எஞ்சினிலிருந்த நுரைக் குழம்பை ஒரு சொட்டு விடாமல் தட்டில் வடித்தாள். போல்ட்டைத் துடைத்து முடுக்கினாள். தன் டூல் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"மாதேஷண்ணா, வண்டிய டெம்போல ஏத்துங்க. சேலத்துக் கடை எட்டு மணி வரைக்கும் இருக்கும். ஆயில அங்க வாங்கி, கோயமுத்தூர்ல ஊத்திக்கலாம். டிராக்ல நான் நிக்கறேன்."

"இந்த வாசப்படியத் தாண்டுனா திரும்ப வரக் கூடாது," என்றார் சந்திரசேகர்.

"வரப்போறதில்லீங்க. டப்பாவுக்கு மட்டும் வேற ஆளப் போட்டுப் பத்திரமாக் காவல் வெய்யுங்க."

அவள் வாசலைத் தாண்டும்போது குஞ்சம்மாள் கையில் திரியும் தீப்பெட்டியுமாக எதிரே வந்தாள். "எங்க சாமி கெளம்பிட்டே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் நேராக அம்மன் படத்துக்குப் போனாள். பலகை காலியாக இருந்தது. மேசையைப் பார்த்தாள்.

"ஏனுங்க மொதலாளி, டப்பாவ எதுக்குங்க இறக்குனீங்க?"

டெம்போ உறுமிக்கொண்டிருந்தது. கயல்விழி நடையை நிறுத்தவில்லை. பின்னால் குஞ்சம்மாளின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"வாராவாரம் வௌக்குப் போடச் சொல்றீங்க, எண்ணெ ஒரு நாளு வாங்கித் தந்தீங்களா? நாந்தான் இதும் பின்னாடி ஆணியில ஒரு ஓட்டையப் போட்டு, ஊத்திக்கிட்டு, சந்தனத்த அப்பி அடைச்சு வெச்சு ஓட்டிக்கிட்டிருக்கேன். இன்னிக்கு ஒரு வௌக்குக்குத் தேறுமுங்களா?"