காவலாளிக்குக் கதிரை கேட்ட விசாரணை

தர்ஷினி, கபிலன், இரண்டு பேரும் போனைக் கீழே வைத்துவிட்டு இதை வாசியுங்கள். அப்பா சாதாரண தரம் வரைக்கும் படித்தவன். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள். ஆனால் சொல்ல வந்த விஷயத்தில் ஒரு அங்குலமும் விட்டுத்தர மாட்டேன்.

நேற்று முழுவதும் மூத்தவள் ஹோலுக்குள் நடந்து நடந்து ஒரு கொம்பனியின் இணையப் பக்கத்தைப் பாடமாக்கினாள். புதன்கிழமை அவளுக்கு முதலாவது நேர்முகப் பரீட்சை. 'எங்களைப் பற்றி' என்று அவர்கள் போட்டிருந்ததை ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்தாள்.

"அது அவை தங்களைப் பற்றித் தாங்களே எழுதினது, மகள். தன்னைப் பற்றிக் குறையா எழுதிற ஆள் உலகத்தில உண்டோ?" என்றேன்.

"அப்பா, உங்களுக்கு விளங்காது. இப்ப எல்லாரும் இப்பிடித்தான்."

விளங்காதா? எனக்கா? நான் விசாரணையோடு ஒரே அறையில் குடியிருந்தவன்!

வெள்ளவத்தைச் சந்தையடியிலிருந்து தெகிவளைப் பாலம் வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், தனக்கு வேலை தராத கொம்பனிகளைப் பற்றி இவ்வளவு தெரிந்து வைத்திருந்த மனிதன் வேறொருவன் கிடைக்க மாட்டான். அந்தக் கொம்பனி முதலாளிகளுக்கே அவ்வளவு தெரியாது. அவனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை அடையாள அட்டை மட்டும்தான் பாவித்தது. நாங்கள் அறை எடுத்திருந்த சின்னத் தெருவில், ஒழுங்கை முழுவதற்கும் அவன் விசாரணை.

பெயர் வந்த கதை இதுதான். எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டல்லவா? கலியாணம் ஒன்று பொருந்தி வந்தால், பொம்பிளை வீட்டுக்குப் போகுமுன் அந்த ஒழுங்கையில் நாலு வீட்டில் விசாரிப்பார்கள். குணம் எப்படி, தகப்பன் கோபக்காரனா, பக்கத்து வீட்டோடு சண்டையா என்று. இவன் அதைக் கொம்பனிகளுக்குச் செய்தான்.

"கலியாணம் கட்டினவன்கூடப் பகலில மனுசியின்ர முகத்தைக் காணுறேல்லை. கொம்பனியின்ர முகத்தைத்தான் பத்து மணித்தியாலம் பாக்கிறான். அப்ப எதை விசாரிக்கவேணும்? சொல்லு பாப்பம்!" என்பான்.

கேட்டவனுக்கோ கலியாணமே ஆகவில்லை.

வேலைக்கு விண்ணப்பம் அனுப்பிய அடுத்த நாளே அந்தக் கொம்பனிக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில் போய்க் குந்திவிடுவான். பால் விடாத ஒரு பிளேன்ரியை ஒன்றரை மணித்தியாலம் குடிப்பான். வேலையாட்கள் தேநீருக்குக் கூட்டமாகச் சிரித்துக்கொண்டு வருகிறார்களா, தனித்தனியாகத் தலை குனிந்து வருகிறார்களா என்று பார்ப்பான். தனித்தனியாக வந்தால் உள்ளே கோள்மூட்டுகிறவன் ஒருவன் இருக்கிறான் என்பது அவனுடைய கணிப்பு. ஒரு தடவை பொலிஸ்காரர் ஒருவர் வந்து, இங்கே ஏன் மூன்று நாளாக நிற்கிறாய் என்று அடையாள அட்டையைக் கேட்டார். இவன் அட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு, அவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் கடமை, லீவு ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று சிங்களத்தில் விசாரித்தான். அவர் அட்டையைத் திருப்பித் தந்துவிட்டு, பக்கத்தில் இருந்து கால் மணித்தியாலம் தன் கவலையைக் கொட்டினாராம்.

பாமன்கடைப் பக்கம் ஒரு காப்புறுதிக் கொம்பனி. தேநீர்க் கடைக்காரரிடம் இவன் வழக்கம்போல, "அவை ஆக்கள் எப்பிடி? குணம் நல்லமோ?" என்று கேட்டிருக்கிறான். கடைக்காரர் அசல் யாழ்ப்பாணத்தவர். இந்தக் கேள்வியை இந்தக் குரலில் கேட்டால் அவர் வேறு எதை நினைப்பார்? கலியாண விசாரணை என்றே நினைத்துவிட்டார்.

நேர்முகப் பரீட்சையில் மனேஜர், "எங்களைப் பற்றி என்ன தெரியும்?" என்றார்.

இவன் நிமிர்ந்திருந்து சொன்னான்: "உங்கட தங்கச்சி நல்ல அடக்கமான பிள்ளையாம். ரெண்டு இடத்தில பேசிக் குழம்பிப் போச்சாம். பொம்பிளையில ஒரு குறையும் இல்லையாம். தமையன்காரன்தான் கொஞ்சம் கடுமையாம்."

அந்தத் தமையன் கதிரையை விட்டு எழும்பின வேகத்தில் அவருடைய கடுமை உறுதிப்பட்டது என்று இரவுச் சாப்பாட்டின்போது விசாரணை அறையில் இருந்த எங்களுக்கு அறிவித்தான்.

இன்னொன்று ஒரு அச்சகம். எதிர்க்கடைக்குக் காலை பத்தரைக்கு எட்டுப் பேர் ஓடிவருகிறார்கள், ஒருவரும் தேநீர் குடிப்பதில்லை என்பதைக் கண்டுபிடித்தான். போய், "சேர், உங்கட கொம்பனிக் கக்கூசின்ர திறப்பு ஆற்ற லாச்சியில கிடக்குது?" என்று கேட்டான். கக்கூசைப் பூட்டிச் சாவியை மேசை இழுப்பறைக்குள் வைத்திருந்தவர் அவரேதான். அங்கே பரீட்சை இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

வேலை கிடைக்காமல் வருகிறவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வரவேண்டும். அதுதான் முறை. இவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படியேறி வருவான்.

"என்னடா, கிடைச்சுதோ?"

"நான் அவையை ரிஜெக்ட் பண்ணிப்போட்டன்!"

நாங்கள் சிரிப்போம். எல்லோரையும் விட நான்தான் அதிகம் சிரித்தேன். உண்மையைச் சொன்னால் என் நிலைமை அவனுடையதைவிடக் கேவலம். யுத்தம் ஓய்ந்து பாதை திறந்திருந்த அந்தக் காலத்தில் வவுனியாவிலிருந்து வந்து நாலு மாதம். மூன்று நேர்முகப் பரீட்சைக்குப் போய்விட்டேன். "எங்கட கொம்பனியைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்டார்கள். "நல்ல கொம்பனி சேர்" என்றேன். எப்படி நல்லது என்றார்கள். எல்லோரும் சொல்லுகிறார்கள் என்றேன். யார் எல்லோரும் என்றார்கள். அதோடு சரி. மூன்று இடத்திலும் அதே கேள்வி, அதே பதில்.

வவுனியாவிலிருந்து மாமா கடிதம் போட்டிருந்தார். இந்த மாத முடிவுக்குள் வேலை இல்லையென்றால் வந்து தன் சீமெந்துக் கடையில் நிற்க வேண்டும். மாமா நல்லவர். ஆனால் அவருடைய கடைக்குள் ஒருமுறை போனவன் திரும்பி வந்ததை நான் கண்டதில்லை. நித்திரையிலும் எனக்குச் சீமெந்து மணத்தது.

அந்த நேரத்தில்தான் கொட்டாஞ்சேனையில் தண்ணீர்ப் பம்ப் இறக்குமதி செய்கிற ஒரு கொம்பனியிலிருந்து கடிதம் வந்தது. ஸ்டோர் பொறுப்பாளர். ஒரே ஒரு இடம். எனக்கு ஒரு கடிதம், விசாரணைக்கு ஒரு கடிதம். ஒரே நாள், ஒரே நேரம்.

வேறொருவன் என்றால் தான் அறிந்ததை ஒளித்து வைப்பான். இவன் ஒவ்வொரு நாளும் கொட்டாஞ்சேனைக்குப் போய்வந்து, என் கட்டிலின் கால்மாட்டில் இருந்துகொண்டு முழுவதையும் ஒப்புவித்தான்.

"டேய், நானும் அங்கதான் வாறன். ஏன் எனக்குச் சொல்லுறாய்?"

"ஒருத்தன் கேட்டா விசரன் எண்டுவினம். ரெண்டு பேர் கேட்டா பதில் சொல்லத்தானே வேணும்!"

அந்தக் கொம்பனி அவனுக்குப் பிடித்துப் போயிருந்தது. வேலையாட்கள் ஐந்தாறு பேராகச் சிரித்துக்கொண்டு தேநீருக்கு வருகிறார்கள். லொறிச் சாரதி வெளிக்கிடுமுன் நாலு ரயரையும் தட்டிப் பார்க்கிறார். மழை வெள்ளம் என்றால் முதலாளி ஹாஜியார் எல்லோரையும் நேரத்தோடு வீட்டுக்கு அனுப்புகிறார். விட்டுப் போன ஒருவன் திரும்பவும் வந்து சேர்ந்திருக்கிறான்.

"எல்லாம் நல்லம். ஆனா ஒரு குறை" என்றான். "வாசல்ல நிக்கிற செக்குரிட்டிக்குக் கதிரை இல்லை."

"அது ஒரு குறையோ?"

"டேய், முதலாளியின்ர அறையைப் பாத்து ஒண்டும் அறிய ஏலாது. அங்க எல்லா இடத்திலயும் குஷன்தான். வாசல்ல நிக்கிற மனுசன் இருக்கிறானோ நிக்கிறானோ எண்டு பார். நாளைக்கு உன்னையும் அப்பிடித்தான் வச்சிருப்பாங்கள்."

அந்தக் காவலாளி அறுபது வயதைத் தாண்டிய சிங்கள மனிதர். விசாரணை அவரிடமே கேட்டிருக்கிறான், கதிரை இல்லையா என்று: "அய்யே, புட்டுவக் நெத்த?"

அவர் சிரிக்காமல் சொன்னாராம்: "தியெனவா மல்லி. கெதர." இருக்கிறது தம்பி, வீட்டில்.

அன்றைக்கு இரவு விசாரணை சோற்றை நின்றுகொண்டே சாப்பிட்டான்.

பரீட்சை நாள் வந்தது. அவனை முதலில் கூப்பிட்டார்கள். முக்கால் மணித்தியாலம். வெளியே வந்தவன் நேராகப் போய் வாசலில் அந்தக் காவலாளிக்குப் பக்கத்தில் தானும் நின்றுகொண்டான். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே கழுத்துப்பட்டி கட்டிய மனேஜர். மூலையில் ஹாஜியார் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

"எங்கட கொம்பனியைப் பற்றி உமக்கு என்ன தெரியும்?"

நான் தொடங்கினேன். சிரிப்பு, ரயர், மழை, திரும்பி வந்தவன். எனக்கே என் வாயை நம்ப முடியவில்லை. மனேஜர் பேனையைக் கீழே வைத்துவிட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"இவ்வளவும் நல்லம் சேர். ஆனா..."

"ஆனா?"

ஜன்னலால் பார்த்தேன். வெயிலில் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவருக்கு நிற்பதற்குச் சம்பளம். மற்றவனுக்கு அதுவும் இல்லை.

"வாசல்ல நிக்கிறவருக்குக் கதிரை இல்லை சேர்."

மனேஜரின் முகம் மாறியது. "முதல் வந்த ஆளும் இதைத்தான் சொன்னவர். ஒரு வரி மாறேல்லை. ரெண்டு பேரில ஆர் தன்ர காலில வந்து நிண்டு பாத்தது? எங்களுக்கு அந்த ஆள்தான் வேணும்."

பிள்ளைகள், 'நான்' என்பது எவ்வளவு சின்னச் சொல். அதைச் சொல்லியிருந்தால் போதும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"அவன்தான் சேர். நான் ஒருநாளும் இந்தப் பக்கம் வரேல்லை. கட்டில்ல படுத்துக் கிடந்து கேட்டனான். வேலையை அவனுக்குக் குடுங்கோ. கதிரையை அவருக்குக் குடுங்கோ."

போகட்டும், சீமெந்துதான் என் தலைவிதி என்று எழும்பினேன். மூலையில் பேப்பர் மடிக்கிற சத்தம் கேட்டது.

"இரிங்க மகன்" என்றார் ஹாஜியார். "சாமான் யார்டயெண்டு சரியாச் செல்லுற ஆள்தான் ஸ்டோருக்குத் தேவ. திங்கக்கெழம வாங்க."

"அப்ப அவன், ஹாஜியார்?"

"அந்த மகன எடுத்தா நான் யாவாரம் செய்ய ஏலா. அவர்ட கேள்விக்குப் பதில் செல்லி முடியக்குள்ள பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு செல்லிருவாங்க!"

"கதிரை?"

"பார்ப்பம்" என்றார் மனேஜர். பார்ப்பம் என்றால் என்ன அர்த்தம் என்று நம் நாட்டில் பிறந்த எல்லோருக்கும் தெரியும்.

வெளியே வந்தேன். விசாரணை முதலில் கேட்டது, "கதிரையைக் கேட்டியோ?"

"கேட்டனான்."

"வேலை?"

"தந்திட்டாங்கள். நீ விசாரிச்சது எண்டும் சொன்னனான்."

கையில் வைத்திருந்த பரீட்சைக் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். அவனுக்கும் அந்த வேலை வேண்டியிருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிறகு என் முதுகில் ஒரு அடி போட்டான். இன்றைக்கும் நோகிறது.

"லீவு எத்தனை எண்டு கேட்டியோ? கேக்கேல்லையோ? மொக்கன்! இவ்வளவு படிப்பிச்சும்!"

அடுத்த நாள் கொலன்னாவைப் பக்கம் வேறொரு கொம்பனிக்கு எதிரே பிளேன்ரி குடிக்கப் போய்விட்டான். இரண்டு மாதம் கழித்து அங்கேயே வேலை கிடைத்தது. என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் அங்கே காவலாளிக்குக் கதிரை மட்டுமல்ல, கதிரைக்கு மேலே குடையும் இருக்கிறது என்று என்னைக் குத்திக்காட்டாமல் போகமாட்டான்.

ஆகவே மகள், புதன்கிழமைக்கு முன் அந்தக் கொம்பனி வாசலுக்கு ஒருதரம் போய் நின்று பார். கண்ணால் கண்டதைப் போய்ச் சொல். பிழை இருந்தால் அதையும் சொல். பரீட்சை எழுதுவது நீ மட்டும் இல்லை, அவர்களும்தான். வேலை தராவிட்டால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுப்படி ஏறி வா. அப்பா சிரிக்க மாட்டேன்.

முதல் திங்கட்கிழமை நான் எல்லோருக்கும் முன்னரே போய் ஸ்டோரைத் திறந்தேன். பம்ப் பெட்டிகளுக்குப் பின்னால், யாரோ வீட்டு விசேஷத்துக்கு வாங்கி மிஞ்சிய பிளாஸ்டிக் கதிரைகள் ஆறு, ஒன்றுக்குள் ஒன்றாகத் தூசி படிந்து கிடந்தன. ஒன்றைப் பிரித்தெடுத்துக் குப்புறக் கவிழ்த்தேன். பெட்டிகளுக்கு இலக்கம் போடுகிற கறுப்பு மையால், இருக்கையின் அடிப்பக்கத்தில், ஒழுங்கையில் ஒருவரும் பாவிக்காத அவனுடைய சொந்தப் பெயரை எழுதினேன். மை காயும்வரை ஊதினேன். காவலாளி பின்பக்கம் முகம் கழுவப் போன நேரம் கொண்டுபோய் வாசல் மர நிழலில் வைத்தேன்.

வைத்துவிட்டு, ஒருவரும் இல்லையென்று பார்த்து, நானே ஒருதரம் அதில் குந்திப் பார்த்துவிட்டு எழும்பினேன். அவன் என்றால் விசாரிக்காமல் விட்டிருக்க மாட்டான்.