அழிந்ததைத் திருப்பித் தரும் பெட்டி

“எல்லாம் சரிம்மா. அழிஞ்சுபோனதைத் திரும்பக் கொண்டுவர்ற வசதி இருக்கா?”

மின்சாதனக் கடையில் ரெக்கார்டர் விற்கும் பெண் கையிலிருந்த ரிமோட்டைக் கீழே வைத்தாள். அரைமணி நேரமாகத் தொண்டைத் தண்ணீர் வற்ற விளக்கியிருந்தாள். ஒரே சமயத்தில் நாலு சேனலைப் பதிவு செய்யும். ஓடுகிற நிகழ்ச்சியை நிறுத்திவைத்து, நிதானமாகக் குளித்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து பார்க்கலாம். ஒரு தொடரைக் குறித்துவிட்டால் அது முடிகிற நாள்வரை, அல்லது பார்க்கிறவர் முடிகிற நாள்வரை, விடாமல் பிடித்துவைக்கும். எதிரே நின்ற பெரியவர் எல்லாவற்றையும் நோட்டில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டு, கடைசியில் இந்தக் கேள்வியைக் கேட்டார்.

“தவறி அழிஞ்சிடாம இருக்கப் பூட்டு இருக்கு சார்.”

“அது அழியறதுக்கு முன்னாடி. நான் கேக்கறது, அழிஞ்சதுக்கு அப்புறம்.”

“அழிஞ்சதுக்கு அப்புறம் வந்தா அதுக்குப் பேரு ரெக்கார்டர் இல்லை சார், அதிசயம். அது எங்க கடையில ஸ்டாக் இல்லை.”

அவர் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதி, அடிக்கோடிட்டு, வெளியே வந்தார். இது நாலாவது கடை.

அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் பிழைதிருத்தி ஓய்வுபெற்றவர் அவர். தெரிந்தவர்களுக்கெல்லாம் ‘ப்ரூஃப்’ சார். யாராவது கல்யாணப் பத்திரிகை நீட்டினால் முதலில் திருத்துவார், பிறகுதான் வாழ்த்துவார். அப்பேர்ப்பட்ட மனுஷர், எட்டு நாளைக்கு முன் கண்ணாடி போடாமல் ஒரு பட்டனை அழுத்திவிட்டார்.

அன்று கால்பந்து இறுதிப்போட்டி. பதிவு செய்யப் போனபோது வீட்டிலிருந்த பெட்டி திரையில் என்னவோ கேட்டது. ஆட்டம் தொடங்கப் போகிற அவசரத்தில் ‘சரி’யை அழுத்தினார். எல்லாம் முடிந்தபின் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பட்டியலைப் பார்த்தார். ‘இடம் போதவில்லை, பழையதில் ஒன்றை நீக்கவா?’ என்று அது கேட்டிருக்கிறது. கால்பந்து இருந்தது. வானிலை அறிக்கை முந்நூற்றுச் சொச்சம் இருந்தது. துணி காயப்போடுவதற்காக மனைவி தினமும் பதிவாகும்படி வைத்திருந்தாள். அவள் போன பிறகும் நிறுத்த மனமில்லாமல் அது பாட்டுக்கு மழையையும் வெயிலையும் சேர்த்துக்கொண்டே இருந்தது.

‘வினாடி வினா’ மட்டும் இல்லை.

மனைவி பள்ளி நூலகத்தில் வேலை பார்த்தவள். வாழ்நாளில் ஒரே ஒருமுறை டி.வி.யில் வந்து, மூன்றாவது கேள்வியிலேயே வெளியேறியவள். மூன்று இதயம் உள்ள கடல் உயிரினம் எது? ஆக்டோபஸ் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள். அத்தனை விளக்கு வெளிச்சத்தில் வாய் குழறி “திமிங்கலம்” என்றாள். “அதுக்கு இதயம் பெரிசு மேடம், ஆனா ஒண்ணுதான்” என்றார் நடத்துபவர். அரங்கமே சிரித்தது.

ப்ரூஃப் சாருக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. குழாய் ரிப்பேருக்கு வந்தவர், காப்பீட்டு ஏஜென்ட், முகவரி தெரியாமல் கதவைத் தட்டியவர் என்று ஒருவரையும் விட்டதில்லை. உட்காரவைத்து அந்தப் பதினோரு நிமிஷத்தைப் போட்டுவிடுவார். “தப்பான பதிலை எவ்வளவு தைரியமா சொல்றா பாருங்க!” என்று திமிங்கலத்தில் நிறுத்தி இரண்டாம் முறையும் காட்டுவார். அந்த நேரம் பார்த்து அவளுக்கு அடுப்படியில் கழுவ ஏதாவது பாத்திரம் கிடைத்துவிடும்.

போன வருஷம் பெட்டியில் இரைச்சல் என்று அவளே அதைப் பையில் போட்டு மெக்கானிக்கிடம் தூக்கிப்போய் வந்தாள். அந்த வாரமே படுத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை. அதன்பிறகு பட்டியலைத் திறந்து அந்தப் பதிவைப் போட்டுப் பார்க்க அவருக்கு நெஞ்சு வரவில்லை. உள்ளே இருக்கிறாள் என்ற நினைப்பே போதுமாக இருந்தது. அவள் குரல் வேறெங்கும் இல்லை.

அச்சகத்தில், வேண்டாத சொல்லின்மேல் ஒரு சுழி போட்டால் அது போய்விடும். கட்டின பெண்டாட்டிக்கே சுழி போட்டுவிட்டோமே என்று அவர் விடியவிடிய உட்கார்ந்திருந்தார். காலையில் மகள் போன் செய்தாள்.

“அப்பா, அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வர்றோம். அம்மா போயி ஒரு வருஷம் ஆகுதுல்ல. அந்த வினாடி வினாவைப் போட்டுப் பாக்கணும்ப்பா. அம்மா குரல் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமா மறந்துட்டு வருது.”

“பெட்டி...” அவர் ரிமோட்டைத் தள்ளி வைத்தார். “பெட்டி கெட்டுப்போச்சும்மா.”

போன் மருமகனிடம் போனது. குடை வாங்கக்கூட முந்நூறு பேர் கருத்தைப் படிக்கிற மனுஷர்.

“மாமா, கவலையை விடுங்க! புதுசு வாங்கி, பழசுல இருக்கறதை அப்படியே மாத்திக்கலாம். எது நல்லதுன்னு மட்டும் பாத்துவைங்க.”

“பாத்துட்டுதான் இருக்கேன் மாப்பிள்ளை. அவசரப்பட்டு வாங்கற சாமானா இது?”

ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று. அதைக் காப்பாற்றக் கடை கடையாக ஏறி இறங்க வேண்டியதாயிற்று. சாயங்காலமானால் மருமகன் கணக்காகக் கூப்பிடுவார். இவர் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு குறை கண்டுபிடித்து வைத்திருப்பார். ஒன்றின் ரிமோட்டில் எழுத்து எறும்பு மாதிரி. இன்னொன்று பதிவாகும்போது பெருமூச்சு விடுகிறது. மூன்றாவதின் கையேட்டில் பத்தொன்பது எழுத்துப்பிழை. அதைத் திருத்தி, தயாரித்தவர்களுக்குத் தபாலிலும் அனுப்பிவிட்டார். நோட்டில் கட்டங்கள் பதினேழானது.

“மாமா, இது அட்டவணை இல்லை, ஆராய்ச்சி!” என்றார் மருமகன்.

வினை அதோடு நிற்கவில்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வாசலில் வந்து நின்றாள்.

“அண்ணே, ரெக்கார்டர் விஷயத்துல உங்களை அடிச்சுக்க ஆளில்லையாமே. எங்களுக்கு ஒண்ணு சொல்லுங்க. எங்க வீட்டுக்காரர் எதையோ பாக்காம அமுக்கி, குழந்தை முதமுதலா நடந்த படத்தை அழிச்சுத் தொலைச்சிட்டாரு. இப்படியும் ஒரு மனுஷன் உண்டாண்ணே?”

“கண்ணாடி போடாம இருந்திருப்பார்மா.”

“அவருக்குக் கண்ணாடியே கிடையாதுண்ணே. கண்ணே கிடையாதுன்னு வெச்சுக்குங்க!”

பூட்டு வசதி உள்ள ஒன்றைச் சொல்லி அனுப்பினார். மறுநாள் அவள் சொல்லி இன்னும் மூன்று பேர் வந்தார்கள். ஆளுக்கொரு பாராட்டு வைத்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு பாராட்டுக்கும் அவர் நாற்காலியில் இரண்டு அங்குலம் தாழ்ந்தார்.

அவருக்கு உண்மையில் பயம் மெக்கானிக்கிடம்தான். பார்த்த மாத்திரத்தில் பெட்டி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார். அதனால் அந்தக் கடை இருக்கும் பக்கமே போவதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை பஸ் நிறுத்தத்தில் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டார்.

“என்ன சார், ஆளையே காணோம்? பெட்டி எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு. இல்ல, கெட்டுப்போச்சு. அதாவது... பஸ் வந்துடுச்சு!”

எந்த பஸ் என்று பார்க்காமல் ஏறி, கடைசி நிறுத்தம்வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மகளும் மருமகனும் வந்து இறங்கினார்கள். மருமகன் கையில் பெரிய அட்டைப்பெட்டி.

“உங்க அட்டவணையில முதல் மார்க் வாங்கினது இதுதான் மாமா. வாங்க, பழசை எடுத்துக்கிட்டு மெக்கானிக்கிட்ட போயிடலாம்.”

“ஞாயித்துக்கிழமை அவர் கடை திறக்க மாட்டாரே.”

“போன் பண்ணிட்டேன். நமக்காகத் திறந்து வெச்சிருக்காரு.”

மாடிப்படி இறங்கும்போது அவருக்கு ஒரு யோசனை வந்தது. கெட்டுப்போகாத பெட்டியைக் கெட்டுப்போக வைத்துவிட்டால்? பாதிப் படியில் கையைத் தளர்த்தினார். நழுவிய பெட்டியை மருமகன் பாய்ந்து பிடித்துவிட்டார்.

“நல்லவேளை மாமா! அத்தை இருக்காங்க இதுல!”

அதற்குமேல் அவரால் நிமிர்ந்து நடக்க முடியவில்லை.

மெக்கானிக் பெட்டிக்கு இணைப்புக் கொடுத்தார். விளக்கு எரிந்தது, திரை வந்தது. வானிலை அறிக்கைகள் வரிசை கட்டி நின்றன.

“குத்துக்கல்லாட்டம் இருக்கே சார். ஒரு கோளாறும் இல்லையே.”

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

“கோளாறு பெட்டியில இல்லம்மா,” என்றார். “அன்னிக்குப் பந்தாட்டம். கண்ணாடி போடலை. அது நீக்கவான்னு கேட்டுச்சு, நான் சரின்னுட்டேன். ஊரான் பிழையெல்லாம் திருத்தினவன்... உங்கம்மாவை நானே அழிச்சிட்டேன். உங்கிட்ட சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, இல்லாத பொருளை மாத்திவைக்கப் பெட்டி தேடித் தெருத்தெருவா அலைஞ்சேன்.”

மருமகன் புதுப் பெட்டியைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தார். மகள் அப்பாவின் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, முந்தானையால் துடைத்து, அவர் மூக்கில் மாட்டிவிட்டாள். அதன்பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.

மெக்கானிக் ரிமோட்டை நாலைந்து முறை அழுத்தி, திரையில் வந்த ‘நீக்கியவை’ பட்டியலை உற்றுப் பார்த்து, பின்தலையைச் சொறிந்தார்.

“சார், அன்னிக்கு நீங்க அழிச்சது ஒரே ஒரு வானிலை அறிக்கை. வினாடி வினாவைப் போன வருஷமே அம்மா எங்கிட்ட கொண்டுவந்து அழிக்கச் சொல்லிட்டாங்க. ‘அவர் அவ்வளவு பெருமையா போட்டுக் காட்டறப்போ வேணாம்னு சொல்ல வாய் வரலை, ஆனா எனக்கு வெக்கம் பிடுங்கித் தின்னுது. அவர் கேட்டா, பெட்டி கெட்டுப்போச்சுன்னு சொல்லிக்கிறேன்’னாங்க.”