ஆற்றுக்குள் நிற்கும் லாரிகளும் எனக்கு வேண்டிய புத்தகமும்

சேலம்,
ஆயுத பூஜை, பிற்பகல்

அன்பும் மரியாதையும் நிறைந்த மார்ட்டின் அண்ணனுக்குத் தங்கை அக்சிலியா எழுதுவது.

இங்கே நாங்கள் மூவரும் ஆண்டவர் தயவில் சுகம். நீங்களும் அண்ணியும் அங்கே அப்படியே இருக்க வேண்டுமென்று ஞாயிறு திருப்பலியில் வேண்டிக்கொண்டேன். அண்ணியின் முட்டி வலி தேவலாமா? சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, இன்று காலை ஆபீசில் ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டேன். போனில் சொன்னால் அழுதுவிடுவேன். அதனால் நாளை மறுநாள் சென்னைக் கல்லூரிக்குத் திரும்பும் மகள் ஜெர்லின் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எனக்கு ஒரு புத்தகம் வேண்டும், அண்ணா. அது கிடைக்காவிட்டால் என் வேலை போய்விடும்.

பிள்ளையை வளர்த்து ஆளாக்கிவிட்டு, நாற்பதைத் தாண்டிய பிறகு, கல்லூரியில் படித்ததைத் தூசி தட்டிக்கொண்டு நான் சங்ககிரிக்கு வேலைக்குப் போவது உங்களுக்குத் தெரியும். முதலாளி வெங்கடாசலம் முன்பு லாரி ஓட்டியவர். இப்போது எந்த லாரி எங்கே நிற்கிறது என்று வரைபடத்தில் காட்டும் புரோகிராமை லாரிக்காரர்களுக்கு விற்கிறார். அதை எழுதுவதும் திருத்துவதும் நான். எனக்கு முன்னால் இருந்தவர் புரோகிராமையே பென் டிரைவில் அள்ளிக்கொண்டு போய்த் தனிக்கடை போட்டுவிட்டாராம். அன்றிலிருந்து எங்கள் மேசைகளுக்கு இணையம் கிடையாது, கைப்பேசியை வாசலிலேயே ஒரு கூடையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். "பாத்து எழுதோணும்னா புக்கப் பாத்து எழுதுங்க அம்மிணி. புக்கு எங்கீங்க ஓடிப்போவப் போகுது?" என்பார். நாங்கள் புரோகிராம் எழுதும் கணினி மொழிக்குத் தலையணை கனத்தில் ஒரே ஒரு புத்தகம் ஆபீசில் இருக்கிறது. எனக்கு எழுதத் தெரியாமல் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு வரிக்கும் அதைத் திறந்து, நான் நினைத்ததே அதிலும் இருப்பதைப் பார்த்த பிறகுதான் மூச்சு விடுவேன். இது என்ன வியாதி என்று பல நாள் யோசித்திருக்கிறேன். இத்தனை வருடம் வீட்டில் இருந்ததில், நானே சரியாகச் சொன்னாலும் வேறு யாராவது ஆமாம் என்று சொன்னால்தான் அது சரி என்று பழகிவிட்டதோ என்னவோ.

வீட்டுக்கு ஒரு பிரதி இருக்கட்டும் என்று பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர், "குரூப் ஃபோர் இருக்கு, போலீஸ் இருக்கு, நீட் இருக்கு. உங்களுக்கு எந்த எக்ஸாம் மேடம்?" என்றார். எக்ஸாம் இல்லை, வேலைக்கு என்றேன். "வேலை கெடச்சதுக்கப்புறம் எதுக்குங்க படிக்கிறீங்க?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். பிறகு ஆன்லைனில் வரவழைத்தோம். வந்தது யாரோ நகலெடுத்துத் தைத்த புத்தகம், பாதிக்கு மேல் முதல் பாதியே மறுபடி வருகிறது. இணையத்தில் இல்லாததா என்று ஜெர்லின் சிரிக்கிறாள். இருக்கிறது. ஒருவர் ஒரு விடை சொல்கிறார், கீழே இன்னொருவர் அது தவறு என்கிறார், அதற்கும் கீழே ஒருவர் இருவரையும் திட்டுகிறார். செயற்கை அறிவிடம் கேட்டால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே விதவிதமாகத் தப்பாகச் சொல்கிறது. எங்கள் புரோகிராம் எழுதப்பட்டிருப்பது அந்த மொழியின் பழைய பதிப்பில். அதை மனிதரும் மறந்துவிட்டார்கள், இயந்திரமும் மறந்துவிட்டது. அந்தத் தலையணைப் புத்தகம் ஒன்றுதான் மறக்கவில்லை.

இன்று காலை ஆபீசில் ஆயுத பூஜை. வாழையிலையில் பொரி, கடலை, பழமெல்லாம் பரப்பி, நடுவில் அந்தப் புத்தகத்தை வைத்துச் சந்தனம், குங்குமம் இட்டு மாலையும் போட்டுவிட்டார் வெங்கடாசலம். நாளைக் காலை நல்ல நேரத்தில் அவர் எடுக்கும் வரை யாரும் தொடக் கூடாது. லாரிகளைக் காட்டும் கம்ப்யூட்டருக்கு மட்டும் பொட்டு வைத்ததோடு விலக்கு. நானும் கும்பிட்டுப் பொரி வாங்கிக்கொண்டு கிளம்பும்போது வெங்கடாசலத்துக்குப் போன் வந்தது. எங்கள் பெரிய வாடிக்கையாளர், லாரி முதலாளி குணசீலன். ஸ்பீக்கரில் போடாமலே எல்லாருக்கும் கேட்டது.

"ஏனுங்க, என்ற வண்டி அத்தனையும் ஜேடர்பாளையத்துல ஆத்துக்குள்ள நிக்குதுங்க!"

"ஆத்துப் பக்கமாங்க?"

"பக்கமில்லீங்க, உள்ள! நீலக் கலருக்குள்ள!"

"டிரைவருங்களுக்குப் போன் போட்டீங்களா?"

"ஒருத்தனும் எடுக்கறதில்லீங்க. எடுக்கறதுக்கு உசுரோட இருக்கோணுமல்லங்க!"

கிளம்பியவள் திரும்பி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் அதற்குக் காரணம் நான்தான். போன வாரம் புதிதாக ஒரு பகுதி எழுதிச் சோதித்தபோது ஜேடர்பாளையம் அணைக்கட்டைத்தான் சோதனை இடமாகக் கொடுத்தேன். தண்ணீருக்குள் எந்த லாரியும் நிற்காது, ஆகவே சோதனை இடம் தவறிப்போய் நிஜத்தில் கலந்துவிட்டால் உடனே தெரிந்துவிடும் என்று கெட்டிக்காரத்தனமாக யோசித்தேன். தெரிந்துவிட்டது. அந்த ஒரு பகுதியை மட்டும் புத்தகம் பார்க்காமல் எழுதியிருந்தேன், அன்று புத்தகத்தை அட்டை போடக் கொடுத்திருந்தார்கள். இப்போது அது என் கைக்கெட்டும் தூரத்தில் மாலையோடு இருக்கிறது. கையை நீட்டியிருந்தால், "வேதக்காரப் பொம்பளை, அதுக்கென்ன தெரியும்" என்று அங்கே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லாமல் இருப்பார்களே, அதுதான் பயம். மெதுவாக, "சார், ஒரே ஒரு பக்கம்..." என்றேன். வெங்கடாசலம் கோபிக்கவில்லை. "இன்னிக்கு அதுக்கும் லீவுங்க அம்மிணி" என்றார்.

அதற்குள் குணசீலன் மறுபடி கூப்பிட்டுப் பரிசல்காரர்களை அனுப்பலாமா என்று கேட்டார். அந்தப் பதற்றத்தில் நான் செய்ததை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். பூஜைக்காக அவருடைய வண்டிகளெல்லாம் நேற்றே சங்ககிரி ஷெட்டுக்குத் திரும்பிவிட்டன என்று அவரே சொன்னார். ஆகவே, அணைக்கட்டுப் பக்கம் எந்த வண்டி தெரிந்தாலும் அதை ஷெட்டில் நிற்பதாகக் காட்டு என்று ஒரு வரி எழுதிச் சேர்த்துவிட்டேன். லாரிகள் அத்தனையும் ஒரே தாவாகக் கரையேறின. "வந்துருச்சுங்க! அல்லாம் ஷெட்டுக்கே வந்துருச்சுங்க!" என்று குணசீலன் கத்தினார். வெங்கடாசலம் எனக்கு இன்னொரு கை பொரி கொடுத்தார். அதை அப்படியே கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

இது மருந்தில்லை, காயத்தின் மேல் ஒட்டிய காகிதம். யாராவது உரித்துப் பார்ப்பதற்குள் உள்ளே இருக்கும் தவற்றைக் கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். நாளைக்கு ஆபீஸ் புத்தகத்தை அந்தப் பக்கத்தில் திறந்தால் எதற்கு என்று முதலாளி கேட்பார், எனக்குப் பொய் முகத்தில் தெரிந்துவிடும். சென்னையில் பழைய புத்தகக் கடைகள் உண்டே, அண்ணா. பெயரும் பதிப்பும் ஜெர்லினிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. இரண்டு பாதியும் வேறு வேறாக இருக்கிறதா என்று மட்டும் புரட்டிப் பார்த்து வாங்குங்கள். உங்கள் மாப்பிள்ளை தோமினிக், "தண்ணிக்குள்ள லாரி நின்னா மீன்தான் கேஸ் போடும், நீ ஏன் பயப்படுற?" என்கிறார். அவருக்கு எல்லாம் விளையாட்டு.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். காணாமற்போனதைக் கண்டெடுத்துத் தரும் அந்தோனியாருக்கு என் பேரில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுங்கள், புத்தகத்துக்காக. உங்கள் ஆசீர்வாதத்தை எதிர்பார்க்கும்,

அன்புத் தங்கை
அக்சிலியா

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் வெங்கடாசலம் போன் செய்தார். சாயந்தரம் குணசீலன் பூசாரி, உறவுக்காரர்கள், மாலைகள், பூசணிக்காய் சகிதம் ஷெட்டுக்குப் போயிருக்கிறார். ஷெட்டில் ஒரு வண்டி இல்லை. கைப்பேசியில் பார்த்தால், அவர் நிற்கும் இடத்தில் அவரைச் சுற்றி அத்தனை லாரிகளும் நிற்கின்றன. அத்தனையும் களவு போய்விட்டதென்று போலீஸ் ஸ்டேஷன் படியேறும்போது, வண்டிகள் பளபளவென்று தண்ணீர் சொட்டச் சொட்ட வரிசையாக ஷெட்டுக்கு வந்து சேர்ந்தனவாம். ஷெட்டில் தண்ணீர் மோட்டார் ஓடாததால் டிரைவர்கள் காலையிலேயே பூஜைக்கு வண்டி கழுவ ஜேடர்பாளையத்துக்கு ஓட்டிப்போய், ஆழமில்லாத இடத்தில் ஆற்றுக்குள் இறக்கி, போனையெல்லாம் கேபினில் போட்டுவிட்டுக் குளித்து, மீன் வறுவலும் சாப்பிட்டிருக்கிறார்கள். திரை முதலில் காட்டியது உண்மை, அண்ணா. புத்தகம் பார்க்காமல் நான் எழுதியதில் ஒரு தப்பும் இல்லை. பயந்து சேர்த்த அந்த ஒரு வரிதான் தப்பு.

வெங்கடாசலம் குரலை உயர்த்தவே இல்லை. "ஏனுங் அம்மிணி, ஆத்துல நிக்கற வண்டிய ஷெட்டுல நிக்குதுன்னு காட்டுச்சே, அது புக்குல எந்தப் பக்கத்துல இருக்குதுங்க? காத்தால பூசையிலிருந்து எடுத்ததும் மொதல்ல அதக் காட்டிப்போட்டு அப்புறம் உக்காருங்க" என்றார்.

ஆகவே அந்தப் புத்தகம் வேண்டாம், அலைய வேண்டாம். இனி எனக்கு வேண்டியது நேர்முகத் தேர்வுக் கேள்வி-பதில் புத்தகம். அதைத்தான் சேலத்தில் எல்லாக் கடையிலும் வாசல் வரை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.